பழைய கம்ப்யூட்டர் அப்கிரேட்: முதல்ல பார்ட்டா, மேனுவலா?

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கைக்கு வந்த உடனே மனசு நேரா பார்ட் பக்கம் தான் ஓடும். ரேமைக் கொஞ்சம் கூட்டிடலாம், அந்த மதர்போர்டு தாங்குற கடைசி ப்ராசஸரைத் தேடிப் பிடிச்சுப் போட்டுடலாம், கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்குற ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு மெமரி கார்டைச் சொருகிடலாம்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகும். அப்போ தான் அந்த போர்டோட ஒரிஜினல் மேனுவலோ, அந்தக் காலத்துல வந்த தடிமனான அப்கிரேட் புத்தகமோ கண்ணுல படும். அதுவும் சும்மா கிடைக்காது, சில சமயம் ஒரு ரேம் செட்டுக்கு ஆகுற காசை அதுக்கே குடுக்க வேண்டியிருக்கும். இருக்குற காசுக்கு பார்ட் வாங்குறதா, பேப்பர் வாங்குறதா?

நான் பேப்பர் கட்சி. ரொம்ப வருஷமா இந்த வேலையில கை வச்சுக்கிட்டு இருக்கேன், பார்ட்டை முதல்ல வாங்கிட்டு அப்புறமா உக்காந்து படிச்ச பல தடவை ஏதாவது ஒண்ணு வீணாப் போயிருக்கு. ஆனா சும்மா "மேனுவலைப் படிங்க"ன்னு சொன்னா யாருக்கும் உதவாது, ஏன்னா பேப்பர்னு நாம பொதுவா சொல்றதுல மூணு சமாச்சாரம் இருக்கு. போர்டு மேனுவல் ஒண்ணு, போர்டு மேல உக்காந்திருக்குற சிப்போட டேட்டாஷீட் ஒண்ணு, எல்லா மெஷினுக்கும் பொதுவா எழுதின புத்தகம் ஒண்ணு. மேனுவல் சொல்றது, அச்சுக்குப் போன அன்னிக்கு வரைக்கும் அந்தக் கம்பெனிக்காரங்க எதை எல்லாம் போட்டுப் பார்த்தாங்கங்குறது. டேட்டாஷீட் சொல்றது, அந்த சிப்பால எது முடியும், எது பட்டா செத்துப் போகும்ங்குறது. புத்தகம் சொல்றது அந்த வருஷம் ஊர் உலகத்துல என்ன நடைமுறைங்குறது. மூணும் மூணு இடத்துல தப்பு விடும். எது எங்க தப்பு விடும்னு தெரிஞ்சுக்கிட்டா பார்ட் தேர்ந்தெடுக்குறது பாதி முடிஞ்ச மாதிரி.

பென்டியம் ப்ராசஸர் உக்கார்ற ஒரு சாக்கெட் 7 போர்டை எடுத்துக்குவோம். 1996ல அச்சடிச்ச மேனுவல்னு வச்சுக்கங்க, ஜம்பர் (போர்டுல கையால மாத்தி வைக்கிற குட்டி இணைப்பு) டேபிள்ல மல்டிப்ளையர், அதாவது போர்டு வேகத்தை எத்தனையால பெருக்கி ப்ராசஸர் ஓடணும்ங்குற எண், 1.5, 2, 2.5, 3 இவ்வளவு தான் இருக்கும். பென்டியம் எம்எம்எக்ஸ் வந்தது 1997ல, அதுல 233 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 66ஐ 3.5ஆல பெருக்கணும், மேனுவல்ல 3.5ங்குற வரியே கிடையாது. மேனுவலை மட்டும் பார்க்குறவங்க "இந்த போர்டுல 200 தான் உச்சம்"னு முடிவு பண்ணிடுவாங்க. ஆனா இன்டெல் டேட்டாஷீட்டைப் பிரிச்சா விஷயம் அங்க இருக்கு. மல்டிப்ளையரைத் தீர்மானிக்கிறது போர்டு கிடையாது, ப்ராசஸர் தான். போர்டு ரெண்டு பின்னை மேலயோ கீழயோ இழுத்து விடுது, அவ்வளவு தான் அதோட வேலை, அதைப் பார்த்து எத்தனையால பெருக்கணும்னு சிப்பே முடிவு பண்ணிக்குது. பழைய பென்டியம் எந்த செட்டிங்கை 1.5னு படிச்சுச்சோ, அதே செட்டிங்கை எம்எம்எக்ஸ் 233 வந்து 3.5னு படிக்கும். அதனால 1996 மேனுவல்ல 1.5னு போட்டிருக்குற இடத்துல ஜம்பரை வச்சா 233 ஓடும்.

இதே தந்திரம் பென்டியத்துக்கு முந்தின 486லயும் உண்டு. ஏஎம்டியோட 5x86 133 சிப்பு, போர்டுல 2னு வச்சா அதை 4னு எடுத்துக்கும், 33ஐ 4ஆல பெருக்கி 133க்குப் போயிடும். அதே ஏஎம்டியோட கே6-2லயும் பின்னாடி வந்த சிப்புகள் 2ங்குற செட்டிங்கை 6னு படிக்கும். புதுசா சிப்பு செஞ்சவங்களுக்கு ஏற்கனவே வீடுகள்ல இருக்குற பழைய போர்டுகள்ல தங்களோட சிப்பு ஓடணும்ங்குற தேவை இருந்துச்சு, அதனால யாரும் தொடாத கீழ்ப் படிக்கட்டைத் தூக்கி மேல போட்டுட்டாங்க. இதை அந்த போர்டு மேனுவல் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல, அவர் எழுதும்போது அந்த சிப்பே கிடையாது.

ஆனா நான் இப்ப சொன்னது பாதி தான், மீதிப் பாதி வோல்டேஜ். எம்எம்எக்ஸ் உள்ள இருக்குற கோர் 2.8 வோல்ட்ல ஓடணும், வெளியில பஸ் (மத்த சிப்புகளோட பேசுற கம்பிகள்) பக்கம் 3.3 வோல்ட், அதாவது ரெண்டு தனித்தனி சப்ளை வேணும். பழைய பென்டியத்துக்கு ரெண்டும் ஒண்ணு தான், அதனால அப்போ வந்த பல போர்டுல ஒரே சப்ளை தான் வச்சிருப்பாங்க. அந்த போர்டுல எம்எம்எக்ஸை நேரா போட்டா கோருக்கும் 3.3 போகும், சூட்டுல வறுபடும். இங்க டேட்டாஷீட் கைகொடுக்காது, அது சிப்புக்கு என்ன வேணும்னு சொல்லும், இந்த போர்டுல எந்த ஜம்பர் அதைக் குடுக்கும்னு சொல்லாது. அதுக்கு போர்டு மேனுவல் தான் வேணும், அதுவும் அதே ரிவிஷனோட மேனுவல். ரிவிஷன் 1.2க்கும் 2.0க்கும் நடுவுல ஜேபி 8ங்குற ஜம்பர் வேற வேலைக்கு மாறியிருக்கலாம், எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, மேனுவல்ல 2.8னு போட்டிருந்த இடத்துல வச்சேன், சாக்கெட் காலியா இருக்கும்போதே பவர் குடுத்து வோல்டேஜ் ரெகுலேட்டர் கால்ல மல்டிமீட்டரை வச்சுப் பார்த்ததால தப்பிச்சேன், 3.5 காட்டுச்சு. அப்புறம் போர்டைத் திருப்பி டார்ச் அடிச்சுப் பார்த்தா கார்டு சொருகுற ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கு நடுவுல பொடி எழுத்துல ரிவிஷன் நம்பர் வேற.

486 ஆளுங்களுக்கும் இதே எச்சரிக்கை. டிஎக்ஸ்2 66 வரைக்கும் 5 வோல்ட், டிஎக்ஸ்4 வந்ததும் 3.3 பக்கம் இறங்கிடுச்சு. ரெண்டும் ஒரே சாக்கெட்ல அழகா உக்காரும். பொருந்துறதும் சேர்றதும் ஒண்ணு கிடையாது.

ரேமுக்கு வருவோம், எனக்கு ரொம்ப ஆசையான பகுதி இது. முதல்ல அகலம். 30 பின் சிம் (ரேம் சிப்புகளை வச்ச குட்டிப் பலகை) ஒண்ணு 8 பிட் அகலம், 486க்கு 32 பிட் வேணும், அதனால நாலு நாலாத் தான் போடணும், 386 எஸ்எக்ஸ்னா 16 பிட் பஸ், ரெண்டு போதும். 72 பின் சிம் 32 பிட், 486ல ஒண்ணு போட்டாலே ஓடும், பென்டியத்துக்கு 64 பிட் வேணும், அதனால ஜோடியா. இது பொதுப் புத்தகத்துல எல்லாம் தெளிவா இருக்கும், இதுக்கு நீங்க டேட்டாஷீட் தேட வேண்டியதில்ல.

சிக்கல் வர்ற இடம் "மேக்ஸிமம் மெமரி"ன்னு மேனுவல்ல போட்டிருக்குற நம்பர். அந்த நம்பர் ரெண்டு காரணத்துக்காக வந்திருக்கலாம். சிப்செட்டால (ப்ராசஸரையும் ரேமையும் இணைக்குற போர்டு சிப்பு) அதுக்கு மேல முகவரி போட முடியாதுங்குறது ஒரு காரணம், அதை ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொண்ணு, அன்னிக்குக் கடையில கிடைச்ச பெரிய சிம் எதுவோ அதை ஸ்லாட் எண்ணிக்கையால பெருக்கி எழுதிட்டாங்கங்குறது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சின்னக் கணக்கு போடுவேன், மேனுவல் சொல்ற உச்சத்தை ஸ்லாட் எண்ணிக்கையால வகுத்துப் பார்ப்பேன், வர்ற நம்பர் அந்த வருஷம் சாதாரணமா கிடைச்ச பெரிய சிம்மோட அளவா இருந்தா அது காலத்தோட எல்லையா இருக்க வாய்ப்பு அதிகம், உடனே சிப்செட் டேட்டாஷீட்டைத் தேடுவேன். மேகின்டாஷ் எஸ்இ/30 இதுக்கு நல்ல உதாரணம். 1989ல வந்த மெஷின், எட்டு சிம் ஸ்லாட். அன்னிக்கு சுலபமா கிடைச்ச 1 எம்பி சிம்முல எட்டு போட்டா 8 எம்பி, 4 எம்பி சிம்முல 32, பின்னாடி வந்த 16 எம்பி சிம்மைப் போட்டா 128 எம்பி வரைக்கும் அந்தக் குட்டிப் பெட்டி ஏத்துக்கும். ஆனா போட்ட உடனே 128ம் உபயோகப்படாது, ஏன்னா அதோட ரோம் சிப்புல (மெஷினுக்குள்ளயே நிரந்தரமா பதிஞ்சிருக்குற ப்ரோக்ராம்) இருக்குற கோடு முழு 32 பிட் முகவரிக்குத் தயாரா எழுதப்படல, அதனால மோடு32ங்குற சாஃப்ட்வேரைப் போடணும், இல்லாட்டி ரோமையே மாத்தணும். அதைப் பண்ணாத வரைக்கும் 8 எம்பிக்கு மேல போட்டது சும்மா உக்காந்திருக்கும். பார்ட் சரி, ஸ்லாட் சரி, சிப்செட் சரி, ஆனாலும் வேலை நடக்காது.

இதுக்கு நேர் எதிரா, மேனுவல் சொல்ற உச்சம் வரைக்கும் போட்டா மெஷின் மெதுவாகுற கதையும் உண்டு. இன்டெல்லோட 430 டிஎக்ஸ் சிப்செட், 256 எம்பி வரைக்கும் ஏத்துக்கும்னு மேனுவல்ல பெருசா இருக்கும். ஆனா அதோட எல்2 கேஷ் (ப்ராசஸர் அடிக்கடி கேக்குறதை வச்சிருக்குற சின்ன, வேகமான மெமரி) முதல் 64 எம்பியை மட்டும் தான் பார்த்துக்கும், அதுக்கு மேல இருக்குற மெமரிக்கு கேஷே கிடையாது. விண்டோஸ் 98 வேற மெமரியை மேல் முனையில இருந்து எடுத்துப் பயன்படுத்துற பழக்கம் உள்ளது, அதனால 64ல நல்லா ஓடிக்கிட்டு இருந்த மெஷின்ல நான் ஆசையா 128 போட்டப்போ ஒரு ஃபோல்டர் திறக்குறதே இழுத்துச்சு. ரேம் கெட்டுப்போச்சோன்னு நினைச்சு மெம்டெஸ்ட் ஓட்டி, ஸ்லாட் மாத்தி, ரப்பர் வச்சுக் கால் எல்லாம் தேய்ச்சு, ரெண்டு நாள் போச்சு. கடைசில சிப்செட் டேட்டாஷீட்ல ஒரு ஓரத்துல அந்த 64 எம்பி வரி. 430 எஃப்எக்ஸ், விஎக்ஸ் ரெண்டுக்கும் அதே எல்லை தான். 1996ல வந்த 430 எச்எக்ஸ் மட்டும் விதிவிலக்கு, எது கேஷ்ல இருக்குன்னு குறிச்சு வைக்கிற டேக் ரேம் சிப்பு கூடுதலா இருந்தா 512 எம்பி வரைக்கும் கேஷ் பண்ணும். போர்டு மேனுவல் எழுதுறவங்க இதை ஏன் சொல்லலைன்னா, அன்னிக்கு வீட்டுல 64க்கு மேல யாரும் போடல, விக்கிற பொருளுக்கு 256னு போட்டா நல்லா இருக்கும், அவ்வளவு தான் விஷயம்.

இதுல இன்னொரு நல்ல திருப்பம் இருக்கு. அதே 430 டிஎக்ஸ் போர்டு கே6-3 மாதிரி, சிப்புக்குள்ளயே எல்2 வச்சிருக்குற ப்ராசஸரைத் தாங்கும்னா, அந்த 64 எம்பி கவலை பெரும்பாலும் போயிடும், ஏன்னா ப்ராசஸரோட சொந்த கேஷ் முழு மெமரியையும் பார்த்துக்கும், போர்டு கேஷ் அதுக்கு அடுத்த மூணாவது அடுக்கா மாறிடும். அதுக்கு 2.2 இல்ல 2.4 வோல்ட் பக்கம் போர்டு இறங்கணும், பயாஸும் (ஆன் பண்ணின உடனே ஓடுற அடிப்படை ப்ரோக்ராம்) ஒத்துழைக்கணும். ஒரு பார்ட்டோட எல்லையை இன்னொரு பார்ட் உடைக்கிற இந்த மாதிரி இடங்கள் டேட்டாஷீட்டை ரெண்டு பக்கமும் விரிச்சு வச்சுப் படிக்கும்போது தான் தெரியும், அந்த நிமிஷம் எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

1998ல வந்த 440 பிஎக்ஸ் சிப்செட் போர்டு வச்சிருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. 256 எம்பி டிம் (சிம்முக்கு அடுத்து வந்த ரேம் பலகை) வாங்கும்போது ரெண்டு பக்கமும் சேர்த்து 16 சிப்பு இருக்குறதா பாருங்க. எட்டே சிப்புல 256 வர்றதுன்னா ஒவ்வொரு சிப்பும் 256 மெகாபிட், அதை 440 பிஎக்ஸுக்குப் படிக்கத் தெரியாது, பாதி தான் காட்டும், இல்லாட்டி பூட்டே ஆகாது. ஐபிஎம் பிஎஸ்/2 மாதிரி சில மெஷின்கள்ல வேற ஒரு வம்பு, என்ன சிம்னு சொல்றதுக்காக சிம் மேல இருக்குற பிரசன்ஸ் டிடெக்ட் பின்னை மெஷின் படிச்சுப் பார்க்கும், அது இல்லாத சாதா சிம்மை ஏத்துக்காது. இந்த மெஷின்களுக்கு மட்டும் அந்தந்த மாடலோட சர்வீஸ் மேனுவல் கையில இல்லாம ரேம் வாங்காதீங்க.

சில மெஷின்களுக்கு பேப்பர் விஷயத்துல கொடுப்பினை உண்டு. ஐபிஎம் பிசி 5150, 1981ல வந்தது, அதோட டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவல்ல முழு சர்க்யூட் படமும் இருக்கு, பயாஸோட சோர்ஸ் கோடே வரி வரியா அச்சடிச்சிருக்கு. ஆப்பிள் 2வுக்கு 1978ல வந்த மேனுவலும் அதே மாதிரி தான், மானிட்டர் ரோமோட (ஸ்க்ரீன் இல்ல, மெஷினோட அடிப்படை ப்ரோக்ராம்) கோடு உள்ள இருக்கும். அந்த மாதிரி பேப்பர் கையில இருந்தா ஒரு பார்ட் வாங்குறதுக்கு முன்னாடியே எந்த கம்பி எங்க போகுதுன்னு விரல் வச்சுப் பார்த்துடலாம். 5150க்கு ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலரோ, பின்னாடி வந்த ஐடிஇ டிஸ்க்கை மாட்ட உதவுற எக்ஸ்டி-ஐடிஇ கார்டோ போடணும்னா முதல்ல பார்க்க வேண்டியது பயாஸ் தேதி. 1982 அக்டோபர் 27 தேதி போட்ட பயாஸ் தான் கார்டு மேல இருக்குற ரோமைத் தேடிப் பார்த்து ஓட்டும், அதுக்கு முந்தின 1981 பயாஸ் ரெண்டும் அந்தப் பக்கமே திரும்பாது, கார்டு நல்லா இருந்தும் செத்த மாதிரி கிடக்கும். அதோட பவர் சப்ளை 63.5 வாட் தான், அந்தக் காலத்து பெரிய ஹார்ட் டிஸ்க்கை அதுல மாட்டினா திணறும், ஃப்ளாஷ் கார்டுன்னா பிரச்சனையே இல்ல. 1983ல வந்த எக்ஸ்டியில ஐபிஎம்மே 130 வாட் வச்சதுக்கு ஹார்ட் டிஸ்க் தான் காரணம்.

டிஸ்க் விஷயத்துல எல்லைகள் எல்லாம் வெறும் பெருக்கல் கணக்கு, மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் தான் பேசும், ஒரு செக்டார் 512 பைட், பெருக்கினா 528 மில்லியன் பைட், அதாவது 504 எம்பி. நடுவுல வந்த பயாஸ் 8.4 ஜிபில நிக்கும், அடுத்த செட் 32 ஜிபி பக்கம் நிக்கும், அதுக்கு அடுத்தது 28 பிட் முகவரி, 137 ஜிபி. டாஸ் 6 போடப் போறீங்கன்னா ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல போகாது. ஆக 486க்கு 64 ஜிபி கார்டு வாங்குறதுல அர்த்தமே இல்ல, சின்னதா நல்ல காம்பாக்ட் ஃப்ளாஷ் ஒண்ணு போதும், அது ஐடிஇ மாதிரியே பேசும், நடுவுல இருக்குற அடாப்டர்ல மூளை எதுவும் கிடையாது, வெறும் கம்பி தான்.

இப்ப பேப்பரையே நம்பக் கூடாத ஒரு இடம். கெபாசிட்டர் மாத்தும்போது போர்டு மேல அச்சடிச்சிருக்குற ப்ளஸ் குறியைப் பார்த்துத் தான் எல்லாரும் போடுவோம். 1993ல வந்த மேகின்டாஷ் எல்சி 3ல சி22ங்குற ஒரு கெபாசிட்டருக்கு போர்டு மேலயே குறி தலைகீழா அச்சாகியிருக்கு, ஃபேக்டரியிலயும் அதைப் பார்த்தே தலைகீழா தான் போட்டாங்க. அது மைனஸ் 5 வோல்ட் லைன். அலுமினிய கெபாசிட்டர் அந்த அடியைப் பல வருஷம் தாங்கிக்கிச்சு, நாம நல்லது பண்றதா நினைச்சு அதே குறிப்படி டேன்டலம் வகை கெபாசிட்டர் போட்டா புகைஞ்சுடும். டேன்டலத்துக்கு இன்னொரு குழப்பம், அதோட உடம்புல இருக்குற கோடு ப்ளஸ் பக்கம், அலுமினிய கெபாசிட்டர்ல இருக்குற கோடு மைனஸ் பக்கம். கையில சால்டரிங் அயர்ன் சூடா இருக்கும்போது இது மறக்கும், நான் அதனால பார்ட்டைப் போடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல எந்தக் கால் கிரவுண்டுக்குப் போகுதுன்னு ஒலி வச்சுப் பார்த்துடுவேன். 5150, எக்ஸ்டி போர்டுகள்ல 12 வோல்ட் லைன்ல இருக்குற டேன்டலம் ஷார்ட் ஆகி பவர் சப்ளையே எழும்ப மாட்டேங்குறது அடிக்கடி நடக்குறது, ஒரிஜினல் 16 வோல்ட் ரேட்டிங், மாத்தும்போது 25 வோல்ட் போடுங்க.

கமடோர் 64ங்குற 80கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வச்சிருக்குறவங்க சவுண்டு சிப்பை மாத்தணும்னு ஆசைப்படுவாங்க, 6581 ஒரு ருசி, பின்னாடி வந்த 8580 இன்னொரு ருசி. 28 கால், ஒரே சாக்கெட், அலுங்காம உள்ள போகும். ஆனா 6581க்கு 12 வோல்ட், 8580க்கு 9 வோல்ட், ஃபில்டர் கெபாசிட்டரோட அளவும் வேற. பழைய போர்டுல 8580ஐ நேரா போட்டா அந்த சிப்பு போச்சு, இப்ப அதைப் புதுசா யாரும் செய்யவும் இல்ல. இங்க நீங்க பார்க்க வேண்டியது போர்டு மேல இருக்குற அசெம்ப்ளி நம்பர், 250469ன்னு இருந்தா அது 9 வோல்ட் போர்டு, 326298, 250407, 250425, 250466 எல்லாம் 12 வோல்ட். ஒரு ஆறு இலக்க நம்பர், எந்த மேனுவலும் தேவையில்ல. அந்த மெஷினுக்கு எந்த அப்கிரேடும் பண்றதுக்கு முன்னாடி பழைய பவர் அடாப்டரை ஒதுக்கி வச்சிடுங்க, அது வயசாகி 5 வோல்ட் லைன் மேல ஏறினா ரேம் சிப்பு வரிசையா போயிடும்.

பொதுப் புத்தகம் வாங்குறதுன்னா எந்த வருஷத்துப் பதிப்புங்குறது தான் எல்லாமே. கடைசிப் பதிப்பு தான் நல்லதுன்னு நினைச்சு வாங்கினா உங்க மெஷினைப் பத்தின அத்தியாயத்தையே வெட்டிட்டு புது மெஷினுக்கு இடம் குடுத்திருப்பாங்க. மெஷின் வந்த வருஷமே வந்த பதிப்பும் வேண்டாம், அதுல கம்பெனி சொன்னதை அப்படியே எழுதியிருப்பாங்க. மெஷின் வந்து ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்த பதிப்பு தான் சரியான பதம், அதுக்குள்ள ஆளுங்க போட்டுப் பார்த்து, எரிச்சு, திருத்தி, தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் உள்ள வந்திருக்கும். 1993ல வந்த ஒரு 486க்கு 1995, 96 பதிப்பு. பழைய புத்தகத்துல முந்தின ஓனர் பென்சில்ல ஏதாவது குறிச்சு வச்சிருந்தா அதைத் தள்ளிடாதீங்க, எங்கிட்ட இருக்குற ஒண்ணுல விஎல் பஸ் (486 போர்டுல வேகமான கார்டு சொருகுற ஸ்லாட்) பக்கத்துல "50 மெகாஹெர்ட்ஸ்ல ரெண்டு கார்டு போடாதே"ன்னு பென்சில்ல எழுதியிருக்கு, அச்சுல அதைத் தெளிவா சொல்லவே இல்ல, அந்த பஸ்ஸோட குணம் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு சரியான பேச்சுன்னு புரியும்.

மேனுவலே கிடைக்காத பேர் தெரியாத போர்டு தான் நிறைய. அதுக்காக எந்த பார்ட்டையும் குருட்டாம்போக்குல வாங்க வேண்டியதில்ல. அவார்டு கம்பெனி பயாஸ்னா ஆன் பண்ணும்போது ஸ்க்ரீனுக்கு அடியில ஒரு நீளமான எழுத்து வரிசை வரும், அதை போனில ஒரு போட்டோ எடுத்துக்கங்க. அதுல 2ஏ59ஐன்னு வந்தா 430 டிஎக்ஸ், 2ஏ59எஃப்னு வந்தா எச்எக்ஸ், 2ஏ69கேன்னா 440 பிஎக்ஸ், அதுக்கு அடுத்த ரெண்டு எழுத்து யார் செஞ்சாங்கன்னு சொல்லும். போர்டு மேல எஃப்சிசி (அமெரிக்க அரசு அனுமதி) நம்பர் இருந்தா அதுவும் ஒரு வழி. அப்புறம் டிஎச்99ங்குற பழைய தொகுப்பு, ஆயிரக்கணக்கான போர்டோட ஜம்பர் படம் அதுல கோட்டோவியமா இருக்கு, பிட்சேவர்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் ரெண்டு வெப்சைட்டுலயும் ஸ்கேன் பண்ணின மேனுவலும் டேட்டாஷீட்டும் கொட்டிக் கிடக்கு, எல்லாம் இலவசம். அதனால தான் நான் சொல்றேன், பிரிண்ட் மேனுவலுக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி இந்த மூணு இடத்தையும் அலசிடுங்க, அங்க இல்லாத போர்டுக்கு மட்டும் காசு குடுங்க, வாங்கினா தயவு செஞ்சு ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க, அடுத்து தேடுற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு தேடி அலைஞ்சவங்களுக்குத் தான் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, 90கள் நடுவுல வந்த சில 486 போர்டுல கேஷ் சிப்பே போலி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, உள்ள ஒண்ணும் கிடையாது, பயாஸும் 256கே இருக்குன்னு பொய் சொல்லும். மேனுவலும் அதையே சொல்லும். அந்த மாதிரி போர்டுக்கு ப்ராசஸர் வாங்குறதுக்கு முன்னாடி கேஷ் வேகத்தை அளந்து பார்க்குற சின்ன டாஸ் ப்ரோக்ராமை ஒரு தடவை ஓட்டுங்க, கேஷ் அளவைத் தாண்டும்போது வேகம் படியிறங்குற மாதிரி குறையணும், ப்ராசஸருக்குள்ளயே இருக்குற கேஷ் அளவான எட்டு கேபி (சில சிப்புல 16) தாண்டின உடனே ஒரே சரிவா விழுந்தா வெளியில கேஷ் இல்லைன்னு அர்த்தம்.

எந்தப் பேப்பரும் பார்க்காம உடனே காசு போட வேண்டிய விஷயங்களும் இருக்கு. 286ல இருந்து 486 வரைக்கும் போர்டுல பீப்பாய் மாதிரி இருக்குற 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தா இன்னிக்கே வெட்டி எடுங்க, அது கசிஞ்சா செம்புத் தடத்தையே தின்னுடும். கசிஞ்சது காரம், அதனால வினிகர் தொட்டு சுத்தம் பண்ணிட்டு, தண்ணியில கழுவி, நல்லா காய வைக்கணும். அந்த இடத்துல சிஆர் 2032 போடுறதுன்னா ஒரு டயோடு சேர்த்துப் போடணும், இல்லாட்டி போர்டு அந்த லித்தியம் பேட்டரியை சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஆபத்து. பழைய மேகின்டாஷ்ல அரை டபுள் ஏ சைஸ் லித்தியம் பேட்டரியும் அப்படித் தான், பல எஸ்இ/30 போர்டை அது முழுசா கரைச்சிருக்கு. பவர் சப்ளைக்குள்ள மஞ்சளா கண்ணாடி மாதிரி உறை போட்ட ரிஃபா கெபாசிட்டர், மேல விரிசல் தெரிஞ்சா ஆன் பண்ணாம முதல்ல அதை மாத்திடுங்க. பழைய ஏடி வகை பவர் சப்ளை மாட்டும்போது பி8, பி9 ரெண்டு ப்ளக்கோட கறுப்பு ஒயரும் நடுவுல பக்கத்துல பக்கத்துல வரணும்.

அதனால காசைப் பிரிக்கிறதுக்கு நான் பின்பற்றுற வரிசை இது. முதல்ல பேட்டரி, பவர் சப்ளை, கெபாசிட்டர், மல்டிமீட்டர் இல்லாட்டி அது. அடுத்து இலவசப் பேப்பர் முழுக்கத் தேடல், அதுல ரிவிஷன் நம்பர் ஒத்துப் போகுதான்னு பார்க்குறது. அது கிடைக்கலைன்னா, ப்ராசஸரோ ரேமோ மாத்தப் போறேன்னா மட்டும், பிரிண்ட் மேனுவலுக்குக் காசு. டிஸ்க்கும் ஃப்ளாப்பி எமுலேட்டரும் (யுஎஸ்பி ஸ்டிக்கை ஃப்ளாப்பி மாதிரி காட்டுற பெட்டி) மட்டும் தான் மாத்தப் போறேன்னா மேனுவலுக்குக் காசே போட மாட்டேன், அதுக்கு பயாஸ் வருஷமும் கேபிள் எப்படி முறுக்கியிருக்குன்னும் தெரிஞ்சா போதும். கோடெக் (Gotek) கம்பெனி எமுலேட்டரை பிசி கேபிள்ல முறுக்குக்கு அப்புறம் மாட்டினா ஜம்பர் எஸ்1, கமடோர் அமிகா கம்ப்யூட்டருக்குள்ள மாட்டினா எஸ்0, அவ்வளவு தான். ப்ராசஸர் கடைசில, அதுக்குள்ள மெஷின் எப்படி நடந்துக்குதுன்னு கைக்குப் பழகியிருக்கும்.

வேலை முடிஞ்சதும் நான் ஒரு அரைப் பக்கம் பேப்பர்ல எந்த ஜம்பர் எங்க இருக்கு, ரெகுலேட்டர்ல அளந்தப்போ எத்தனை வோல்ட், பேட்டரி போட்ட தேதி, மேனுவல்ல எந்த வரி தப்புன்னு எழுதி, ஜிப் கவர்ல போட்டு கேபினட் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிடுவேன். போன மாசம் எட்டு வருஷத்துக்கு முன்னாடி மூடி வச்ச ஒரு பென்டியத்தைத் திறந்தேன், கவர் அங்கயே இருந்துச்சு, "ஜேபி 8 மேனுவல்ல தலைகீழ், 2-3 தான் 2.8"னு என் கையெழுத்துல.